திகதி தாண்டிய பிள்ளை, வாசலில் பனி: ஸ்காபரோவில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் இரண்டாவது பிள்ளைக்குக் குறித்துத் தந்த திகதி ஜனவரி 8. அவன் வந்து சேர்ந்தது 17ஆம் திகதி விடியற்காலை. "இன்னும் இல்லையா?" என்று கேட்டு எத்தனை அழைப்புகள் வருகின்றன என்று என் கணவர் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணத் தொடங்கினார். ஐந்தாம் நாள் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

கனடாவில் ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோ, அதற்கு அருகிலுள்ள மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் புதிதாக வந்து, முதல் குளிர்காலத்திலேயே பிள்ளைப்பேற்றுக்கும் முகம் கொடுக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். உடம்பைப் பற்றிச் சொல்ல வைத்தியரும் மருத்துவிச்சியும் இருக்கிறார்கள். வீட்டைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை. திகதி கடந்த பிறகு நாம் படுகிற பாட்டில் பெரும்பங்கு வீட்டால் வருவது: உறைந்துபோன வாசற்படி, பனிக்குள் புதைந்த கார், மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வி, அதிகாலை நான்கு மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வரும் அழைப்பு. இவற்றில் ஒன்றுகூட முன்கூட்டியே ஒழுங்கு செய்ய முடியாதது அல்ல.

முதலில் திகதியைச் சரிபாருங்கள்

கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 280 நாட்களை, அதாவது 40 வாரங்களை எண்ணித்தான் அந்தத் திகதியைத் தருகிறார்கள். சரியாக அன்றைக்கே பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். 42 வாரம் நிறைந்த பிறகே மருத்துவக் கணக்கில் பிள்ளை உண்மையாக நாள் கடந்ததாகிறது. எங்கள் கணக்கில் 8ஆம் திகதி நாற்பது வாரம்; 15ஆம் திகதி, பொங்கலோடு, நாற்பத்தொன்று; 22ஆம் திகதி நாற்பத்திரண்டு. நாட்காட்டியில் ஒரு நாளை வட்டமிடாதீர்கள். அந்த இரண்டு வாரத்தையும் ஒரே நிறத்தால் பூசிவிடுங்கள். நான் வட்டமிட்டேன். ஒன்பதாம் திகதி காலையில் அந்த வட்டத்தைப் பார்த்து அழுதேன்.

மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிசகும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கானில் தெரியும் அளவுதான் நம்பகமானது. ஆகவே கருவுற்ற பின் நாடு மாறி வந்தவர்கள் ஊரில் எடுத்த முதல் ஸ்கான் அறிக்கையைத் தேடி எடுத்து இங்கே உள்ள வைத்தியரிடம் காட்டுங்கள். பெட்டியின் அடியில் கிடக்கும் அந்த ஒற்றைத் தாள் இல்லாததால், உரிய நாளிலேயே இருக்கும் பிள்ளையை "தாமதம்" என்று எண்ணிக் கலங்குபவர்கள் உண்டு.

உறவினருக்குத் திகதியைச் சொல்லாதீர்கள். இதை நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். "பொங்கல் கழிந்து", "மாதக் கடைசியில்" என்று சொன்னால் போதும். என் ஒன்றுவிட்ட அக்கா தன் பிள்ளைக்கு அப்படித்தான் செய்திருக்கிறார். அவருக்கும் ஆறு நாள் தாண்டியது, உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கோ அந்தப் புத்தி பிறகுதான் வந்தது. குளிர்காலத்தில் யாழ்ப்பாணம் எங்களைவிடப் பத்தரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே மதியச் சாப்பாடு முடிந்து இரண்டரை மணிக்குச் சாய்ந்திருக்கும் பெரியம்மாவுக்கு நம் நினைவு வரும்போது இங்கே அதிகாலை நான்கு. அந்த நேரத்தில் அவர் அழைத்தால், இங்கே எடுப்பவர் "ஊரில் யாருக்கோ என்னவோ" என்ற பதற்றத்தோடுதான் எடுப்பார்.

ஏற்கெனவே சொல்லிவிட்டீர்களா? ஒருவரைப் பேச்சாளராக நியமியுங்கள். எங்கள் வீட்டில் கணவரின் தம்பி. இரவு ஒன்பது மணிக்கு உறவினர் குழுவில் ஒரே வரி போடுவார்: "இன்று செய்தி இல்லை, எல்லோரும் நலம்." மூன்றாம் நாளுக்குப் பிறகு நேரடி அழைப்புகள் பாதிக்குப் பாதி குறைந்தன. தனக்கு வரும் அழைப்புகளைத் தாய் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கைபேசியைச் சமையலறையில் வைத்துவிட்டுத் தூங்கலாம்.

நாற்பத்தோராம் வாரத்தில் என்ன நடக்கும்

திகதி தாண்டியதும் சந்திப்புகள் நெருக்கமாகும். பிள்ளையின் இதயத்துடிப்பைச் சில நிமிடம் பதிவு செய்வார்கள். பிள்ளையைச் சுற்றியுள்ள நீர் போதுமா என்று ஸ்கானில் பார்ப்பார்கள். கருப்பை வாயை விரலால் நெகிழ்த்திவிட வேண்டுமா என்று கேட்பார்கள். அது உங்கள் விருப்பம். நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் இடையில் வலியைத் தூண்ட ஒரு நாள் பேசுவார்கள். அதற்கு மேல் நஞ்சுக்கொடியின் வலு குறையலாம், பிள்ளைக்கு ஆபத்து கூடும் என்பதுதான் காரணம். "மருந்து ஏற்றி வலி வரவைத்தால் கட்டாயம் சத்திரசிகிச்சையில்தான் முடியும்" என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பிப் பயப்படாமல், உங்கள் நிலைமைக்கு என்ன என்று வைத்தியரிடமே கேளுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டிய ஒன்றே ஒன்று, பிள்ளையின் அசைவைக் கவனிப்பது. அசைவு குறைந்ததாகத் தோன்றினால் இடது பக்கம் சாய்ந்து படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் ஆறு அசைவு வராவிட்டால் அப்போதே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். "கடைசி நாட்களில் பிள்ளை அடங்கிப் போகும்" என்று ஊரில் சொல்வார்கள். இடம் குறைவதால் அசைவின் தன்மை மாறலாம், ஆனால் அசைவது குறையக் கூடாது. பனி கொட்டுகிறது, நாளை பார்க்கலாம் என்று இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

வலி தூண்ட நாள் குறித்துவிட்டால் அன்று காலை பெட்டியோடு போய் நிற்கலாம் என்று புதிதாக வந்தவர்கள் நினைக்கிறார்கள். பல இடங்களில் அப்படி இல்லை. கட்டில் காலியானதும் அவர்கள் அழைப்பார்கள். அவசரமானவர்கள் வந்தால் உங்கள் முறை பின்னுக்குப் போகும். இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். வைத்தியசாலை அழைப்புகள் பெரும்பாலும் எண் மறைத்து வரும். வரித் திணைக்களம் என்று சொல்லிப் பணம் பறிக்கும் மோசடி அழைப்புகளால் ஏற்கெனவே அலுத்துப்போயிருந்த என் கணவர், 16ஆம் திகதி காலை பத்து மணிக்கு வந்த "தனிப்பட்ட எண்" அழைப்பைத் துண்டித்துவிட்டார். குரலஞ்சல் பெட்டியும் அமைத்திருக்கவில்லை. நாங்களாக மதியம் அழைத்துக் கேட்டபோது அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்துவிட்டார். இரவு பதினொன்றரைக்குத்தான் மறுபடி கூப்பிட்டார்கள். ஆகவே 39ஆம் வாரத்திலேயே குரலஞ்சலை அமைத்துவிடுங்கள். இரண்டு பேருடைய எண்ணையும் கொடுங்கள். எந்த எண்ணிலிருந்து வந்தாலும் எடுங்கள். அழைப்பு வந்ததும் ஓட வேண்டாம், சாப்பிடலாமா என்று கேட்டு, சம்மதித்தால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அங்கே நேரம் நீளும்.

பஞ்சாங்கம் பார்த்து நாள் கேட்பதைப் பற்றி ஒரு சொல். "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்று என் அம்மா ஒன்பது நாளும் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல வேளையாக அவர் அதை வைத்தியரிடம் சொல்லவில்லை. நாளைத் தீர்மானிப்பது உங்கள் உடல்நிலையும் கட்டிலும்தான். சாதகம் எழுத வேண்டும் என்றால் பிறந்த நிமிடத்தை அறைச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள ஒருவருக்குப் பொறுப்புக் கொடுங்கள். ஊருக்கு அனுப்பும்போது ரொறன்ரோ நேரம் என்று மறக்காமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் பத்தரை மணி நேரத்தில் இலக்கினம் எங்கோ போய்விடும்.

வாசலிலிருந்து வைத்தியசாலை வரை

குளிர்காலத்துப் பிள்ளைப்பேற்றில் நான் அதிகம் பயந்தது வலிக்கு அல்ல, எங்கள் வீட்டு வாசலில் இருந்த மூன்று படிகளுக்கு.

படியில் இருந்து தொடங்குவோம். பனி பெய்தால் தெரியும், வெட்டி எறியலாம். பகலில் உருகி இரவில் உறைந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. கறுப்புச் சீமெந்தைப் போலவே இருக்கும். கதவுக்கு உள்ளே, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு வாளி உப்பும் ஒரு கோப்பையும் வையுங்கள். இரவு படுக்கும் முன் ஒரு தரம் தூவுங்கள். வலி வந்து இறங்கும்போது தூவுவதில் பயனில்லை, உப்பு வேலை செய்யச் சிறிது நேரம் வேண்டும். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பக்கவாட்டு நடைபாதை ஒரு தலைவலி. அதை யார் துப்பரவு செய்வது என்று வீட்டுக்காரரிடம் டிசம்பரிலேயே பேசி முடியுங்கள். வீட்டுக்குள் வெப்பம் போதவில்லை என்றாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம். வெப்பத்தை வீட்டுக்காரர் கட்டுப்படுத்தும் வாடகை வீட்டில் குளிர்காலத்தில் 21 பாகையாவது இருக்க வேண்டும் என்பது ரொறன்ரோவின் விதி. தரவில்லை என்றால் மாநகரசபையின் 311 எண்ணுக்கு அழைக்கலாம்.

அடுத்தது சப்பாத்து. நாற்பது வாரத்துப் பெண்ணால் குனிந்து நாடா கட்ட முடியாது. என் கணவர் கதவடியில் முழந்தாளிட்டு எனக்குப் பூட்ஸ் மாட்டிவிடுவார், அதற்குள் முந்தைய நடையில் உருகி வழிந்த தண்ணீர் அவர் காலுறையை நனைத்துவிடும், அவர் முணுமுணுப்பார், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். மூன்றாம் நாள் நாடா இல்லாத, அடி நன்றாகப் பிடிக்கும் ஒரு சோடி வாங்கினோம், கால் வீக்கத்துக்காக ஒரு அளவு பெரிதாக. குளிர் அங்கி வயிற்றில் பூட்டாது. அதற்காகப் புதிதாகக் கர்ப்பிணி அங்கி வாங்க வேண்டியதில்லை. பழைய துணிக்கடையில் ஆண்களுக்கான பெரிய அங்கி ஒன்று இரண்டு வாரத்துக்குப் போதும்.

இனி கார். எப்போதும் பின்பக்கமாக உள்ளே விட்டு, முகம் வீதியைப் பார்க்க நிறுத்துங்கள். எரிபொருள் பாதிக்குக் கீழே போகக் கூடாது. கண்ணாடி கழுவும் திரவம் சய (மைனஸ்) 40 பாகை வரை உறையாதது வேண்டும். கோடைக்காலத் திரவம் கண்ணாடியிலேயே பனிக்கட்டியாகும். பனி அள்ளும் சவளைக் காரின் பின்பெட்டிக்குள் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். உறைந்து பூட்டிக்கொண்ட பெட்டிக்குள் இருக்கும் சவளால் யாருக்கும் உதவியில்லை. முன் இருக்கையில் ஒரு பெரிய குப்பைப் பையை விரித்து அதன் மேல் தடித்த துவாய் போடுங்கள். பன்னீர்க்குடம் வழியில் உடைந்தால் புரியும். (தமிழ்நாட்டில் இதைப் பனிக்குடம் என்பார்கள். அந்தப் பெயர் இந்த ஊருக்குத்தான் பொருத்தம் என்று எனக்கு அந்த ஜனவரியில் தோன்றியது.)

பனி பெய்த பிறகு காரைச் சூடாக்க இயக்கும் முன், புகைபோக்கிக் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் வாயு காருக்குள் வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. பூட்டிய கராஜுக்குள் காரை ஓடவிடவே கூடாது.

ரொறன்ரோ மாநகரசபையின் பனி அள்ளும் வண்டி பிரதான வீதிகளுக்குத்தான் முதலில் போகும். குடியிருப்பு வீதிகளுக்கு 8 சென்ரிமீற்றர் சேர்ந்த பிறகே வரும். வந்தாலும் உங்கள் வாசலுக்குக் குறுக்கே வயலுக்குக் கட்டியதுபோல ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். அந்த வரம்பு ஈரப்பனி. சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். ஆகவே வண்டி போன சத்தம் கேட்டதும், இரவு இரண்டு மணியானாலும், ஒருவர் எழுந்து வெட்டிவிட வேண்டும். காத்திருக்கும் நாட்களில் தகப்பனுக்கு இதைவிடப் பெரிய வேலை கிடையாது. அவரும் அதைத்தான் விரும்புவார், சும்மா இருந்து நம் முகத்தைப் பார்ப்பதைவிட.

பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை வைத்தியசாலைக்கு ஓடிப் பாருங்கள். ஒரே பெயரில் பல கட்டடங்கள் உள்ள வைத்தியசாலை என்றால் பிரசவப் பிரிவு எதில் என்று உறுதி செய்யுங்கள். இரவில் முன்வாசல் பூட்டியிருக்கும். அவசரப் பிரிவு வழியாகப் போக வேண்டியிருக்கலாம். எந்தத் தரிப்பிடம், எந்தக் கதவு, எந்த மாடி என்பதை ஒரு துண்டில் எழுதிக் காரில் ஒட்டுங்கள்.

கார் இல்லாதவர்கள் வாடகைக் காரை நம்பியிருப்பீர்கள். புயல் இரவில் அது வராது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். 2022 ஜனவரி 17 அன்று நகரின் சில பகுதிகளில் ஐம்பது சென்ரிமீற்றருக்கு மேல் பனி கொட்டியது. கார்டினர் அதிவேக வீதியும் டொன் வலி பார்க்வேயும் மூடப்பட்டன, மாநகரப் போக்குவரத்துச் சேவையான ரி.ரி.சி.யின் பஸ்கள் நூற்றுக்கணக்கில் நடுவீதியில் சிக்கி நின்றன. அப்படியொரு எச்சரிக்கை வந்தால், வைத்தியசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் நண்பர் வீட்டில் அந்த ஒரு இரவைக் கழிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மின்சாரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் ஏறக்குறைய மூன்று இலட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல் வெளிச்சம் வரவில்லை. கைபேசி மின்சேமிப்பி ஒன்று எப்போதும் நிறைந்திருக்கட்டும். மின்சாரம் போனால் கரி அடுப்பையோ காஸ் அடுப்பையோ வீட்டுக்குள் கொண்டு வந்து குளிர் காயாதீர்கள், உயிர் போகும்.

மூத்த பிள்ளை

இரவு இரண்டு மணிக்கு வந்து மூத்த பிள்ளையோடு இருக்க மூன்று பேர் வேண்டும். ஒருவர் போதாது, அவருக்குக் காய்ச்சல் வரலாம், அவர் வீதியிலும் பனி இருக்கலாம். மூன்று பேரிடமும் வாய்விட்டுக் கேளுங்கள், வீட்டுச் சாவி ஒன்றை இப்போதே கொடுங்கள். நடந்து வரக்கூடிய தூரத்தில் ஒருவராவது இருந்தால் நல்லது. எங்களுக்கு அது எதிர்வீட்டுப் பிலிப்பினோ அம்மையார். அம்மா வீட்டில் இருக்கும்போது எதற்கு என்று கேட்பீர்கள். ஊரிலிருந்து வந்து மூன்று வாரமான அம்மாவுக்கு இங்கே கதவுப் பூட்டும் புரியாது, தீ எச்சரிக்கை மணி அலறினால் என்ன செய்வது என்றும் தெரியாது.

பிள்ளையிடம் திகதி சொல்லவே கூடாது. "நாளைக்குத் தம்பி வருவான்" என்று நாலு நாள் சொன்னால் ஐந்தாம் நாள் அவள் நம்மை நம்ப மாட்டாள். என் மகளுக்கு அப்போது நாலு வயது. தம்பி வெளியே வரப் பயப்படுகிறான் என்று தானாகவே முடிவு செய்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் மாலையில் என் வயிற்றில் வாயை வைத்து, "வெளியே ஸ்னோ போட்டிருக்கிறது, பூட்ஸ் போட்டுக்கொண்டு வா" என்று சத்தமாகச் சொல்வாள். தன் கையுறைகளை வயிற்றின் மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போவாள். அவை இரவில் கட்டிலுக்கடியில் விழும், காலையில் பாலர் பாடசாலைக்குப் போகும் நேரத்தில் தேட வேண்டும்.

பாலர் பாடசாலையில் இருந்துதான் தடிமனும் இருமலும் வரும். அதைத் தடுக்க முடியாது. வந்ததும் கை கழுவித் துணி மாற்றவைக்கலாம், அவ்வளவுதான். வீட்டில் எல்லோருக்கும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்கட்டும். குக்கல் இருமல் தடுப்பூசி, பிறக்கும் பிள்ளைக்கான ஆர்எஸ்வி (குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஒரு வைரஸ்) தடுப்பு ஆகியவற்றைப் பற்றி முன்பே கேட்டு வையுங்கள். இருமிக்கொண்டு பிள்ளை பார்க்க வருபவரை வாசலிலேயே நிறுத்த ஒரு முரட்டு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலையும் கணவரின் தம்பிக்குத்தான்.

அம்மாவும் அடுப்பும்

உதவிக்கு ஊரிலிருந்து அம்மாவை அழைப்பவர்கள், திரும்பும் பயணச்சீட்டைக் குறித்த திகதியிலிருந்து எண்ணிப் போடாதீர்கள். பிள்ளை இரண்டு வாரம் தாமதமானால், பிறந்து பத்தாம் நாள் அம்மாவை விமான நிலையத்தில் விட வேண்டி வரும். திகதி மாற்றக்கூடிய சீட்டு வாங்குங்கள். வருகையாளராக வருபவர் பொதுவாக ஆறு மாதம் வரை தங்கலாம் என்பதால் விசாவில் இடம் இருக்கும். பயணக் காப்புறுதிதான் முடிந்துவிடும், அதைப் பாருங்கள்.

முதன்முதலாகக் குளிர்நாட்டுக்கு வரும் அம்மாவுக்குக் காத்திருப்பது நம்மைவிடக் கடினம். ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது, தனியாக வெளியே போக முடியாது, பேச ஆள் இல்லை. அவருடைய தவிப்பெல்லாம் நம் மீது வைத்தியமாக இறங்கும். என் அம்மா மூன்று பைகளுக்குள் சுற்றி ஒரு போத்தல் ஆமணக்கெண்ணெய் கொண்டுவந்திருந்தார். 41ஆம் வாரம் அதை மெதுவாக வெளியே எடுத்தார். மருத்துவிச்சியிடம் கேட்டேன், வயிற்றோட்டமும் நீரிழப்பும்தான் மிஞ்சும், வேண்டாம் என்றார். அந்த எண்ணெய் சாமி விளக்குக்குப் போனது. அன்னாசிப்பழம் சாப்பிட்டேன், சும்மா ருசிக்காக. உறைப்பாகக் கோழிக்கறி சாப்பிட்டேன். வந்தது நெஞ்செரிவு மட்டும். நடப்பது நல்லது, பனியில் வேண்டாம். ஸ்காபரோ டவுன் சென்டரை ஒரு சுற்றுச் சுற்றி, நடுவில் ஓர் இருக்கையில் உட்கார்ந்து, இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள், அவருக்கும் மனிதர் முகம் தெரிய வேண்டும்.

பத்தியக் கறிக்கான சரக்கை வறுத்து இடிப்பதை அம்மாவிடம் காத்திருக்கும் நாட்களிலேயே ஒப்படைத்துவிடுங்கள். அவருக்கும் கைக்கு வேலை. ஆனால் சன்னல் எல்லாம் அடைத்த ஜனவரியில் மல்லியும் மிளகும் வறுத்தால் புகை எச்சரிக்கை மணி முழுக் கட்டடத்தையும் எழுப்பும் என்று சொல்லி வையுங்கள். காற்றிழுக்கும் விசிறியைப் போட்டு, சிறிது சிறிதாக, சய பத்துக்குப் போகாத நாளாகப் பார்த்து ஒரு சன்னலைத் திறந்து வறுக்கலாம். அரைத்த சரக்கைச் சிறு சிறு உருண்டையாக உறைபெட்டியில் போட்டுவிட்டால் ஒரு மாதம் கவலையில்லை. சாம்பிராணிப் புகையைப் பற்றி அம்மாவோடு இப்போதே சண்டை பிடித்து முடித்துக்கொள்ளுங்கள். பிள்ளை வந்த பிறகு பிடித்தால் மனம் நோகும்.

வேலையும் விடுப்பும்

சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைக் காப்புறுதியின் மகப்பேற்றுக் கொடுப்பனவு 15 வாரம். அதைக் குறித்த திகதிக்கு 12 வாரம் முன்பிருந்தே தொடங்கலாம் என்பதற்காகத் தொடங்கிவிடாதீர்கள். முன்பே எடுத்த வாரம் பின்னால் வராது. உடம்பு இடம் கொடுக்கும் வரை வேலைக்குப் போவது உங்கள் தீர்மானம். வேலையை நிறுத்தியதும் நாலு வாரத்துக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். தகப்பனுக்குரிய பெற்றோர் கொடுப்பனவு பிள்ளை பிறந்த வாரத்திலிருந்துதான். ஆகவே மேலாளரிடம் "8ஆம் திகதியிலிருந்து வரமாட்டேன்" என்று சொல்லாமல், "பிறந்த நாளிலிருந்து" என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். என் கணவர் முதல் வகையில் எழுதிவிட்டு, ஏழு நாள் வருடாந்த விடுமுறையைப் பனி வெட்டியே செலவழித்தார்.

எப்போது கிளம்புவது

முதற்பிள்ளை என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி, ஒரு மணி நேரமாக வந்துகொண்டிருந்தால் கிளம்பலாம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. இரண்டாவது பிள்ளைக்கு அதற்கு முன்பே கிளம்புங்கள்; பனி நாளில் இன்னும் முன்பே. இரத்தப்போக்கு, பச்சையாகவோ மண்ணிறமாகவோ வரும் நீர், கடுந்தலையிடி, கண் மங்கல், அசைவுக் குறைவு ஆகியவற்றுக்கு எந்தக் கணக்கும் இல்லை, உடனே போக வேண்டும். நடந்தால் நின்றுவிடும், படுத்தால் அடங்கும் வலி பெரும்பாலும் பொய்வலி. அதற்காகப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டால் வெட்கப்படாதீர்கள். நாங்கள் ஒரு தடவை போய் வந்தோம். திரும்பும் வழியில் கோப்பி குடித்தோம்; பல நாளுக்குப் பிறகு இருவரும் தனியாகப் பேசிய அரை மணி நேரம் அது.

சந்தேகம் என்றால் 811க்கு அழைத்து எந்நேரமும் தாதியிடம் பேசலாம். வீதி அடைபட்டிருந்தால், அல்லது முக்க வேண்டும் என்ற உணர்வு வந்துவிட்டால், 911. ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொல்லித் தொடர்பைத் துண்டிக்காமல் காத்திருங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ஆனால் முகவரியை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லப் பழகி வையுங்கள்; பேஸ்மென்ட் என்றால் எந்தப் பக்கக் கதவு என்பதையும். ஒன்ராறியோ சுகாதார அட்டை உள்ளவருக்கு, தேவையான அம்புலன்ஸ் பயணத்துக்கு 45 டொலர்தான் வரும். பணத்துக்குப் பயந்து தயங்காதீர்கள். அவர்கள் வரும் வரை வாசல் விளக்கைப் போட்டு, கதவுப் பூட்டைத் திறந்து, படியில் உப்புத் தூவுங்கள். பிள்ளை அதற்குள் வந்துவிட்டால் இழுக்காதீர்கள், கொடியை வெட்டாதீர்கள். துடைத்து, தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகப் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். மிச்சத்தைத் தொலைபேசியில் இருப்பவர் சொல்லித் தருவார்.

வீட்டுக்கு வரும் வழி

கார் இருக்கையைக் காத்திருக்கும் நாட்களிலேயே பூட்டிப் பழகுங்கள். பொதுவாகத் தாதிகள் அதைப் பூட்டித் தர மாட்டார்கள். அதில் வட்டத்துக்குள் மேப்பிள் இலை போட்ட கனடாவின் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். அமெரிக்காவில் மலிவாக வாங்கி வந்ததில் அது இராது, இங்கே சட்டப்படி பயன்படுத்த முடியாது. இருக்கைக்கும் காலாவதித் திகதி உண்டு, தெரிந்தவர் தந்த பழையதாக இருந்தால் பாருங்கள்.

பெரும்பாலான குடும்பங்கள் பிழை விடுவது உடுப்பில். சய பதினைந்து பாகையில் பிள்ளையைக் கொண்டு போகிறோம் என்று தடித்த பனி உடுப்புக்குள் திணித்துப் பட்டியைப் பூட்டுவார்கள். பட்டி இறுக்கமாகத் தெரியும். அடிபட்டால் உடுப்பிலுள்ள பஞ்சு அமுங்கி, பட்டி தளர்ந்து, பிள்ளை வழுகிவிடும். மெல்லிய உடுப்பு இரண்டு, ஒரு தொப்பி; பட்டியைப் பூட்டி, நெஞ்சுப் பூட்டை அக்குள் மட்டத்துக்குக் கொண்டு வந்து, தோளடியில் பட்டியைக் கிள்ளிப் பாருங்கள். விரலில் மடிப்புச் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். பிறகு அதற்கு மேலே போர்வை, முகம் திறந்திருக்க. கார் சூடானதும் போர்வையைத் தளர்த்துங்கள்.

எங்களை வைத்தியசாலை மறுநாள் மதியம் அனுப்பியது. எல்ஸ்மியர் வீதியில் என் கணவர் நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். வாசலில் வரம்பை யாரோ வெட்டியிருந்தார்கள், எதிர்வீட்டு அம்மையாராக இருக்கும். இருக்கையை உள்ளே கொண்டுபோய்த் தரையில் வைத்ததும் மகள் ஓடி வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. போர்வையின் கீழ்முனையைத் தூக்கி இரண்டு பாதத்தையும் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "பூட்ஸ் போடாமல் வந்திருக்கிறான்" என்றாள்.